ஒரே இரத்தம்: உசிலம்பட்டி மரபணுவும் ஆதியாகமமும்

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் உசிலம்பட்டிப் பக்கத்தில் எடுத்த இரத்த மாதிரிகளில் எம்130 என்ற மரபணு அடையாளம் கிடைத்தது நம் ஊரில் பலருக்குத் தெரிந்த செய்திதான். இதைச் சர்ச்சில், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலேயே பேச வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஆண்களிடம் இருக்கும் ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே இறங்குகிறது, அம்மாவின் பங்கு அதில் கலப்பதில்லை. பழைய ஏட்டைப் பார்த்து எழுதியவர் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டால் அதைப் பார்த்து எழுதிய எல்லா ஏடுகளிலும் அந்தத் தப்பு தொடரும் அல்லவா, அதேபோல என்றோ ஒரு மனிதரின் ஒய் குரோமோசோமில் ஓரிடத்தில் சி (C) என்ற டி.என்.ஏ. எழுத்து டி (T) ஆகிவிட்டது. அவருடைய மகன், பேரன், கொள்ளுப்பேரன் வழியில் வந்த ஆண்கள் எல்லாரும் அதைச் சுமக்கிறார்கள். அதுதான் எம்130. உசிலம்பட்டிப் பக்கத்தில் இருக்கும் அதே மாற்றம் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் மங்கோலியர்களிடமும் இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி வந்தவர்களின் வழி இது.

இதை வைத்து ஒரு சாதிதான் ஆதிக்குடி என்று பேசுவது தப்பு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் வரும், ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஒருவரைத்தான் காட்டும்.

சரி, அப்போது ஆதாம்? உலக ஆண்கள் எல்லாருடைய ஒய் குரோமோசோமும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒருவரிடம் போய்ச் சேருகிறது, உண்மை. ஆனால் அவர் காலத்தில் வேறு ஆண்களும் இருந்தார்கள், அவர்களுடைய ஆண்வழி அறுந்துபோனது, அவ்வளவுதான். இன்றைக்கு மனிதர்களிடம் இருக்கும் மரபணு வேறுபாடுகளைப் பார்த்தால், நம் முன்னோரின் தொகை இரண்டு பேராகச் சுருங்கியிருக்க முடியாது, சில ஆயிரம் பேராவது இருந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆகவே 'அறிவியல் ஆதாமை நிரூபித்துவிட்டது' என்று மேடையில் சொல்லும் ஊழியர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும், பிள்ளைகள் கல்லூரியில் உண்மையைப் படித்த அன்றைக்கு விசுவாசமும் சேர்ந்து ஆட்டம் கண்டுவிடும்.

ஆறு நாளில் படைப்பு நடந்ததாகச் சொல்லும் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தை நாள் கணக்காக வாசிக்க வேண்டியதில்லை என்பது டார்வினுக்குப் பயந்து சொல்லும் சமாளிப்பும் அல்ல. சூரியன் நாலாம் நாளில்தான் வருகிறது, அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்ற கேள்வியோடு 1,600 ஆண்டுகளுக்கு முன்பே ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் மல்லாடியிருக்கிறார். மனித உடல் முன்பே இருந்த உயிர்களிலிருந்து வந்ததா என்று ஆராயலாம், ஆன்மாவைத் தருவது கடவுள் என்று 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால் சொன்னார். மனித மரபணுத்தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் வெளிப்படையான கிறிஸ்தவ விசுவாசி.

மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்று வேதம் சொல்லும் தேவசாயல் என்பதையும் இன்றைய இறையியலாளர்கள் பலர் மூளையிலோ எலும்பிலோ தேடுவதில்லை. கடவுளோடும் அடுத்தவரோடும் மண்ணோடும் மனிதனுக்குள்ள உறவு, பொறுப்பு என்றுதான் அதை விளக்குகிறார்கள். மரபணு அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

ஆனால் ஓரிடத்தில் ஆய்வகமும் வேதமும் ஒரே பக்கம் நிற்கின்றன. 'மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி' என்கிறது அப்போஸ்தலர் 17:26. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்துப் பிரித்துப் புதைத்த திருச்சபைகள் உண்டு, பெண் பார்க்கும்போது இன்றும் 'நம்ம ஆளுகளா' என்றுதான் கேட்கிறோம். படைப்பு ஆறு நாளிலா என்ற சண்டையைவிட இதுதான் எனக்குப் பெரிய கேள்வி. அரசரடி இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் படித்துவிட்டு வரும் குருமார் சாதியைப் பற்றிப் பேசத் தயங்குவதில்லை, அதோடு மரபணுவையும் சேர்த்துப் பேசினால் என்ன? திடப்படுத்தல் வகுப்புக்கு, அதாவது சபையின் முழு உறுப்பினராகத் தயாராகும் வகுப்புக்கு வரும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மெண்டலைப் படித்துவிட்டுத்தான் வருகிறது. அந்த மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.