தாத்தா முகமா, ஒட்டிப்போன கன்னமா?

"தாத்தா முகத்தை அப்படியே உரிச்சு வெச்சிருக்குது டாக்டரம்மா!" பாட்டிமார்கள் பூரிப்போடு இப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது குழந்தையின் கன்னத்தைத்தான். தாய் வயிற்றிலேயே ஊட்டம் குறைந்து, கன்னத்தில் கொழுப்பு சேராத குழந்தை எந்த வீட்டில் பிறந்தாலும் தாத்தா முகத்தோடுதான் இருக்கும்.

என் ஆரம்ப காலத்தில், குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய்க்கு 2.6 கிலோவில் குழந்தை பிறந்தது. இரண்டரை கிலோவைத் தாண்டிவிட்டதே என்று எல்லாருக்கும் நிம்மதி, எனக்கும்தான். நல்ல நீளம், 50 செ.மீ. இரவெல்லாம் பாலுக்கு அழாமல் தூங்கியது. தொந்தரவே இல்லாத பிள்ளை என்றார்கள். விடியற்காலையில் கை கால்கள் வெடவெடவென நடுங்கின. ரத்தச் சர்க்கரை வெறும் 32. உடனே குளுக்கோஸ் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டது. துணியை விலக்கி ஒருமுறை முழுசாகப் பார்த்திருந்தால் வயிற்றிலேயே மெலிந்துபோன பிள்ளை என்று முந்தின நாளே எனக்குத் தெரிந்திருக்கும்.

கணக்கும் அதைத்தான் சொன்னது. கிராம் எடையை 100ஆல் பெருக்கி, செ.மீ. நீளத்தை மூன்று முறை பெருக்கி வரும் தொகையால் (50 × 50 × 50) வகுத்தால் அந்தக் குழந்தைக்கு 2.08 வந்தது. வயிற்றில் பத்து மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்கு இந்த எண் 2.2க்குக் கீழே போனால், வயிற்றிலேயே ஊட்டம் குறைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் கணக்கைவிட எனக்குக் கண்ணும் கையும்தான் துணை. அமெரிக்க மருத்துவர் மெட்காஃப் 1994இல் எழுதிய கேன் ஸ்கோர் (CAN score) முறை, பிறந்த குழந்தையின் ஊட்டத்தைப் பார்த்தும் தொட்டும் மதிப்பிடுவது; அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். முடி, கன்னம், கழுத்தும் தாடையும், கை, கால், முதுகு, பிட்டம், மார்பு, வயிறு என்று ஒன்பது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 36க்கு 25க்குக் கீழே வந்தால் ஊட்டக்குறை. முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கினால் துணிபோலக் கையோடு வரும். பிட்டம் சப்பையாகி, தொடைத் தோல் பெரிய சட்டை போட்டதுபோலத் தொங்கும். முடி பட்டுப்போல இல்லாமல் விறைத்து நிற்கும். பிறந்து ஓரிரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் குழந்தைகளின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு, மூளையோ விடாமல் கேட்கும். அதனால்தான் சர்க்கரை சட்டென்று 45க்குக் கீழே இறங்குகிறது. அழாமல் தூங்குகிறதே என்று விடக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியாவது தாய்ப்பால் கொடுக்க வேண்டும். சேனை வைக்கிறோம் என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ தொட்டு வைத்தால் சீம்பால்தான் தள்ளிப்போகும். சில குழந்தைகள் செக்கச்செவேலென்று இருக்கும், வீட்டில் நிறத்தைப் பார்த்து மகிழ்வார்கள். வயிற்றுக்குள் ஆக்சிஜன் போதாமல் சிவப்பணுக்கள் பெருகி, ரத்தம் கெட்டியாகிவிட்டதாலும் அப்படி ஆகும். அதையும் பரிசோதிக்க வேண்டும்.

வேலூர் வெயிலில் குழந்தைக்குக் குளிரா என்று கேட்பார்கள். தோலுக்கடியில் கொழுப்பு இல்லாத பிள்ளைக்கு, அக்னி நட்சத்திரத்திலும் ஈரத்துணியும் மின்விசிறியும் போதும் உடம்பு சில்லிட. புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு கதகதப்பாக இருந்து பாதம் சில்லென்றிருந்தால், உடனே தாயின் மார்போடு தோல் படச் சேர்த்துப் போர்த்துங்கள். முதல் நாளே குளிப்பாட்டவே கூடாது.

இதில் தாயைக் குற்றம் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ரத்தசோகை, ரத்த அழுத்தம், அடுத்தடுத்த பிரசவம் என்று காரணங்கள் பல. "நிறைய சாப்பிட்டா பிள்ளை பெருசாகி ஆபரேஷன் ஆயிடும்" என்று தட்டில் சோற்றைக் குறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் குடியாத்தம் தாய் ஒன்பதாம் மாதம் வரை பீடி சுற்றியிருக்கிறார், மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு. அவரிடம் நான் அதைக் கேட்டதே குழந்தைக்கு நடுக்கம் வந்த பிறகுதான். இப்போது கர்ப்பிணி முதல்முறை வரும்போதே கேட்கிறேன்: என்ன வேலைம்மா, எத்தனை மணி நேரம் உட்காருறீங்க, மதியம் என்ன சாப்பிட்டீங்க?

வீட்டுக்குப் போன பிறகும் எடை பார்ப்பதை விடாதீர்கள். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் பிள்ளை திரும்பப் பிடித்துவிட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் தடுப்பூசி நாள் வரட்டும் என்று காத்திருக்காமல், கிராம சுகாதார செவிலியரிடமோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அன்றைக்கே காட்டிவிடுங்கள்.