டின் பால் கொடுக்கிறீர்களா? கலந்து காட்டுங்கள்

ஆறு மாதத்துக்குள் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு வரும் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது, "முழுசா நின்னுடுச்சா?" என்றுதான். வேலைக்குப் போகிறவர்கள்கூடக் காலையிலும் இரவிலும் கொடுக்கலாம். வற்றிவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு, குழந்தையை அடிக்கடி சப்ப விட்டால் மறுபடி ஊறும். ஊறவில்லையா, சரி. அதற்காக வீட்டில் யாரும் அவளைக் குத்திக்காட்ட வேண்டாம்.

அப்புறம் ஆறு மாதம் முடியும்வரை, கிடைக்கிற தாய்ப்பால் போக, கைக்குழந்தைகளுக்கென்றே டின்னில் வரும் பவுடர் பால் மட்டும்தான். பசும்பாலில் இரும்புச்சத்து குறைவு. புரதமும் உப்பும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அதிகம். கேழ்வரகுப் பாலும் ஜவ்வரிசிக் கஞ்சியும் வயிற்றை அடைக்கும், வளர்ச்சிக்குப் போதாது. நாக்கில் தேன் தடவுவதும் ஒரு வயதுவரை கூடாது.

"எந்த டின் நல்லது டாக்டர்?" ஆறு மாதம்வரைக்கான முதல் நிலை டின் எதுவானாலும் போதும். விலைக்கும் போஷாக்குக்கும் பெரிய சம்பந்தமில்லை. (இவற்றுக்கு விளம்பரம் செய்யவே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது.)

கோளாறு கலப்பதில்தான். டின்னோடு வரச் சொல்லி, என் மேசையிலேயே கலக்கச் சொல்வேன். ஒரு பாட்டி 150 மில்லி தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டார். "கெட்டியா குடுத்தா செரிக்காதுங்க." டின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது அவர் சொல்லாத காரணம். பேரன் வயிறு முட்டக் குடிக்கிறான், எடை மட்டும் ஏறவில்லை. பெரும்பாலான டின்களில் 30 மில்லிக்குத் தலைதட்டி ஒரு கரண்டி. அப்படியானால் 150க்கு ஐந்து. உங்கள் டின்னில் போட்டிருப்பதைப் பாருங்கள், வேறு டின் கரண்டி வேண்டாம். ரொம்பத் தண்ணீராகக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரலாம். கூடுதலாகப் போட்டாலும் ஆபத்து, உடம்பில் நீர் வற்றும்.

கொதிக்க வைத்த தண்ணீரை அரை மணிக்குள், நல்ல சூடு இருக்கும்போதே அளந்து ஊற்றி, அதன் பிறகு பவுடர் போடுங்கள். பவுடரிலும் கிருமி இருக்கலாம், அந்தச் சூட்டில்தான் சாகும். வெதுவெதுப்பாக ஆறியதும் கொடுங்கள். குடித்த மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுங்கள். பாட்டிலைவிடப் பாலாடையும் சங்கும் கழுவச் சுலபம்.

நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி. ஐந்து கிலோ குழந்தைக்கு 750 மில்லி, ஆறேழு வேளையாக. ஆறு மாதம் முடிந்ததும் குழைத்த பருப்பு சாதம், நெய், நன்றாக வெந்த முட்டை என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். பவுடர் பால் ஒரு வயதுவரை கூடவே போகட்டும்.

ஒரு நாளில் ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர் போனாலோ, பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, அன்றைக்கே கூட்டி வாருங்கள்.