குழந்தையின் ஆபத்துக்கு மதிப்பெண் போட முடியுமா?

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில், லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, வளர்ப்பதாகச் சொல்லி அழைத்துவந்த உறவினரும் அவருடைய துணைவரும் இழைத்த கொடுமைகளால் இறந்தாள். மருத்துவமனைகள், காவல்துறை, பல பகுதிகளின் சமூகநலத் துறைகள் என எல்லோரிடமும் அவளைப் பற்றி ஏதோ ஒரு குறிப்பு இருந்தது. போலிக் கடவுச்சீட்டில் வந்ததால் அவற்றில் அவள் பெயர் ‘அன்னா’. லேமிங் பிரபு தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2003-இல் வெளிவந்தது. அவளைக் காப்பாற்றக் கிடைத்த 12 வாய்ப்புகளாவது தவறவிடப்பட்டன என்றது அது.

குழந்தைப் பாதுகாப்பில் கணினியின் முதல் வேலை, இப்படிச் சிதறிக் கிடக்கும் குறிப்புகளை ஒன்றுசேர்ப்பது. ஒரு துறையில் பெயர் ஒரு விதமாக எழுதப்பட்டிருக்கும், இன்னொன்றில் வேறு விதமாக. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். ஆகவே மென்பொருள் ஒவ்வொரு ஒற்றுமைக்கும் ஓர் எடை கொடுக்கிறது. அரிய குடும்பப்பெயர் ஒத்துப்போனால் எடை அதிகம். பலருக்கும் உள்ள பெயர் என்றால் குறைவு. கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் இரண்டு பதிவுகளும் ஒருவருடையவை என்று கொள்கிறது. ஃபெலெகி, சண்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1969-இல் இதற்கான கணிதத்தை வகுத்தார்கள். வரம்பைத் தளர்த்தினால் யாரோ ஒருவரின் சிறைப் பதிவு சம்பந்தமே இல்லாத ஒரு தாயின் கணக்கில் ஏறிவிடும். இறுக்கினால் ஒரே குழந்தை நான்கு பேராகச் சிதறிவிடும்.

அடுத்த படி கணிப்பு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை உள்ளடக்கிய அலெகெனி மாவட்டம் 2016 முதல் இதைச் செய்கிறது. குழந்தை துன்புறுத்தப்படுவதாக யாராவது தொலைபேசியில் புகார் சொன்னதும், அந்தக் குடும்பம் பற்றிய அரசுப் பதிவுகளை அலசி, மென்பொருள் 1 முதல் 20 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. நேரில் விசாரிக்க ஆள் அனுப்புவதா என்று முடிவெடுக்க அது உதவுகிறது.

அந்த எண் எதை அளக்கிறது? இதைத்தான் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் துன்புறுத்தலை எந்தப் பதிவும் நேரடியாகக் காட்டாது. எனவே, இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தக் குழந்தை வீட்டிலிருந்து அகற்றப்படுமா என்பதையே மென்பொருள் கணிக்கிறது. அதாவது குழந்தைக்கு என்ன நேரும் என்பதற்குப் பதிலாக, அரசு என்ன செய்யும் என்பதைக் கணிக்கிறது. கடந்த காலத்தில் அதிகாரிகள் சில சமூகங்களிடம் கடுமையாக நடந்திருந்தால், மென்பொருள் அந்தக் கடுமையையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். அரசு உதவியை நாடும் ஏழைக்குப் பதிவுகள் குவிகின்றன. தனியார் மருத்துவரிடம் மனநலச் சிகிச்சை பெறும் வசதியானவரைப் பற்றி அரசுக் கணினிக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு இது சிறு குறையாகத் தெரியவில்லை.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. 10,000 குழந்தைகளில் 10 பேருக்கு உயிராபத்து என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீதம் சரியாகக் கணிக்கும் கருவி அவர்களில் 9 பேரைக் கண்டுபிடிக்கும். கூடவே ஆபத்தில்லாத 999 பேரையும் சுட்டிக்காட்டும். இல்லினாய் மாநிலத்தில் 4,100-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு, மரணமோ காயமோ நேரும் வாய்ப்பு 90 சதவீதத்துக்குக் குறையாது என்று ஒரு மென்பொருள் சொன்னது. உண்மையில் இறந்த சில குழந்தைகளை அது முன்கூட்டிக் காட்டவும் இல்லை. 2017-இல் மாநிலம் அதைக் கைவிட்டது. ஒரிகன் மாநிலமும் தன்னுடைய கருவியை 2022-இல் நிறுத்தியது.

பதிவுகளை இணைப்பது தேவை என்றே நினைக்கிறேன். விக்டோரியாவின் கதை அதைத்தான் கேட்கிறது. மதிப்பெண்ணை எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. அலெகெனியில் அது புகாரைப் பதிவுசெய்யும் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. நேரில் செல்லும் பணியாளருக்கும் நீதிமன்றத்துக்கும் தருவதில்லை. அவர்கள் எண்ணைப் பார்க்காமல் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பெற்றோருக்கும் அதைக் காட்டுவதில்லை. தவறாக இணைந்த ஒரு பதிவு எண்ணை ஏற்றிவிட்டிருந்தால், அது தன்னுடையதல்ல என்று முதலில் சொல்லக்கூடியவர் அந்தத் தாயோ தந்தையோதான்.