மேகமூட்ட நாளில் சூரியத் தகடு எவ்வளவு தரும்? கையெழுத்துப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

ஜனவரியில் அக்கா ஒருவர் மின்கட்டண ரசீதோடு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம் பழைய வரிசை வீடு, கூரையில் 9 கிலோவாட் சூரியத் தகடு. "தம்பி, மாசம் இருநூத்தி இருபது வெள்ளி வரவு வரும்னு எழுதிக் கொடுத்தாங்க. டிசம்பருக்கு எழுபதுகூட வரல. மீட்டர் கெட்டுப்போச்சான்னு கேட்டா ஒருத்தரும் சரியா பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க."

மீட்டர் கெடவில்லை. விற்றவர் போட்டுக் கொடுத்த கணக்கில் மழையே பெய்யவில்லை, அவ்வளவுதான். இதே ரசீதோடு இதே கேள்வியைக் கேட்டு வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திட்டம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை முதலில் வீடு பயன்படுத்தும். மிச்சம் தானாகவே வெளியே மின்கட்டமைப்புக்குப் போகும். மின்விநியோக நிறுவனமான எஸ்பி குழுமத்திடம் வழக்கமான கட்டணத்தில் மின்சாரம் வாங்கும் வீடுகளுக்கு அந்த மிச்சத்துக்கான பணம் மாத ரசீதிலேயே கழிக்கப்படும். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'சிம்ப்ளிஃபைட் கிரெடிட் ட்ரீட்மென்ட்'. பெரிய வர்த்தகக் கட்டடங்களுக்கு வேறு முறை இருக்கிறது, அது இங்கே வேண்டாம்.

யாருக்கு இது பொருந்தும் என்பதிலேயே முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களிடமும் விற்பனையாளர்கள் "முன்பதிவு செய்யுங்கள்" என்கிறார்கள். செய்யாதீர்கள். புளோக் கூரை உங்களுடையது இல்லை. அங்கே தகடு வைப்பது 2014இல் தொடங்கிய அரசின் சோலார்நோவா திட்டத்தின் வேலை. அந்த மின்சாரம் முதலில் மின்தூக்கி, நடைபாதை விளக்கு, தண்ணீர் பம்பு போன்ற பொதுச் சேவைகளுக்குப் போகிறது. உங்கள் வீட்டு ரசீதில் வரவாக வராது. கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீட்டிலும் கூரை பொதுச் சொத்துதான், நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ளாமல் ஒரு தகடும் ஏற முடியாது. ஆக, மிஞ்சுவது தரைவீட்டு உரிமையாளர்கள்.

அவர்களுக்கும் பெயரில் ஒரு சிக்கல் வரும். மின்கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அது காலமான அப்பா பெயரிலேயே பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. தகடு ஏறி, கம்பி இழுத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் வரவுக்குப் பதிவு செய்யும் படிவம் திரும்பி வந்தது. பெயர் மாற்றிப் பதிவு முடியும்வரை வெளியே போன மின்சாரத்துக்கு அந்த வீட்டார் ஒரு காசும் பார்க்கவில்லை. தகடு வாங்கும் முன் பத்து நிமிட வேலை, பிறகு என்றால் மாதக்கணக்கில் அலைச்சல்.

இன்னொன்று. மின்சாரம் விற்கும் நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுக்கும் ஓப்பன் எலக்ட்ரிசிட்டி மார்க்கெட்டில் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தாலோ, மாறும் எண்ணம் இருந்தாலோ, மிச்ச மின்சாரத்துக்கு எந்த முறையில், என்ன விலையில் வரவு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் "அதெல்லாம் அப்படியே வரும்" என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது மேகக் கணக்கு. இதில்தான் பணம் போகிறது.

தகட்டில் எழுதியிருக்கும் வாட் எண் ஆய்வுக்கூட எண். சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, தகட்டின் சூடு 25 டிகிரி என்ற நிலையில் அளந்தது. நம் ஊர்க் கூரையில் வெயில் அடிக்கும்போது தகடு அந்தச் சூட்டைத் தாண்டி எங்கேயோ போய்விடும். மழை இருட்டில் ஒளி 100, 200 வாட்டுக்கு இறங்கிவிடும். அக்கா வீட்டில் ஒரு ஜனவரி மதியம் பன்னிரண்டரைக்கு, தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் திரையைப் பார்த்தேன். 0.7 கிலோவாட் என்று காட்டியது. 9 கிலோவாட் கூரை! வெளியே தூறல்கூட இல்லை, வானம் மட்டும் ஈயம் பூசியதுபோல் இருந்தது. ஒன்றரைக்கு மேகம் கொஞ்சம் கிழிந்ததும் 6க்குத் தாவியது, இரண்டு நிமிடத்தில் மறுபடி ஒன்றுக்கு வந்தது. இது கோளாறு இல்லை. மேகநாளின் இயல்பே இப்படித்தான். ஒளி சுத்தமாக நின்றுவிடுவதும் இல்லை. நமக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழப் பாதி மேகத்தில் சிதறி வருவதுதான்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு எண் வேண்டுமென்றால் இது: நிழல் விழாத கூரையில் ஒரு கிலோவாட் தகடு சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். மாதத்துக்கு 100, நாளுக்கு மூன்றேகால். நல்ல வெயில் நாளில் நாலு, நாலரை வரும். நாள் முழுக்க மூடிக் கிடந்தால் ஒன்றுக்குப் பக்கத்தில், விடாத மழை என்றால் அதற்கும் கீழே. நவம்பர் முதல் ஜனவரிவரை, மழை அதிகமான மாதங்களில், மாதத்துக்கு 100 என்பதை 75 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோசமான ஆண்டில் அதுவும் குறையும். 2025 ஜனவரி 10, 11 இரண்டே நாளில் சாங்கியில் பெய்த மழை, வழக்கமாக ஜனவரி மாதம் முழுவதும் பெய்வதைவிட அதிகம். அப்படியொரு வாரத்தில் எந்தத் தகடும் ஒன்றும் செய்ய முடியாது.

விற்பனையாளர் அக்காவுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 5 யூனிட் என்று போட்டிருந்தார். அதாவது ஆண்டு முழுவதும் மார்ச் மாதத்தின் ஆகச் சிறந்த நாள்.

ஆனால் பெரிய ஓட்டை இன்னும் உள்ளே இருக்கிறது. மேகம் உற்பத்தியைக் குறைக்கும், ஆனால் வரவைத் துடைத்தே எடுத்துவிடும். அக்கா வீட்டில் பகலில் குளிர்பதனப்பெட்டி, மோட்டார், ஒரு அறை ஏர்கான் எல்லாம் சேர்ந்து 10 யூனிட் இழுக்கும். வெயில் நாளில் 33 யூனிட் வந்தால் 23 வெளியே போகும். மேகநாளில் 20 வந்தால் 10தான் போகும். மழைநாளில் 9 வந்தால் வீடே தின்றுவிடும். நடுவில் மேகம் விலகிய நேரத்தில் நழுவிய ஒன்றிரண்டு யூனிட்தான் மிச்சம். அந்த டிசம்பரில் மழைநாள் 12, மேகநாள் 10, வெயில் நாள் 9. கூட்டினால் உற்பத்தி 600 யூனிட்டுக்குச் சற்று மேல், வெளியே போனது சுமார் 330. சராசரி மாதத்தில் 900 யூனிட் உற்பத்தியாகி 600 வெளியே போயிருக்கும். உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு வரவு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது பாருங்கள். "சராசரியாக இவ்வளவு" என்று பெருக்கிக் காட்டும் தாளில் இது தெரியவே தெரியாது.

விலையும் ஒன்றல்ல. வாங்கும்போது முழுக் கட்டணம், அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மிச்சத்துக்கு வரவு வைக்கும்போது அந்தக் கட்டணத்திலிருந்து மின்கட்டமைப்புச் செலவைக் கழித்துவிடுவார்கள். யூனிட் 28 காசு, கழிவு 7 காசு என்று வைத்தால் கைக்கு வருவது 21 காசு. அக்காவின் 330 யூனிட்டுக்கு 70 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. ரசீது சொன்னதும் அதேதான். கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், வரவும் கூடவே மாறும். இருபது ஆண்டுக்கு ஒரே விலையில் பெருக்கிய தாளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதிவு வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும், எல்இடபிள்யூ என்பார்கள். நீங்களாகப் போய் முடிக்கக்கூடியது இல்லை. பெரும்பாலும் அவரை அமர்த்துவது விற்பனை நிறுவனம், உங்களுக்கு அவர் முகமே தெரியாது. பிறகு வரவு வராத மாதத்தில் நிறுவனத்தைக் கேட்டால் பணியாளரைக் கேளுங்கள் என்பார்கள், அவரைக் கேட்டால் படிவம் போட்டாயிற்று என்பார், உதவி எண்ணில் குறிப்பு எண் கேட்பார்கள், அது உங்களிடம் இருக்காது. அக்கா இந்தச் சுற்றை ஆறு வாரம் சுற்றினார். அறுபத்தெட்டு வயதில். அவருடைய வீடு, அவருடைய கணக்கு, எண் மட்டும் வேறொருவர் கைத்தொலைபேசியில். அதனால் கடைசித் தவணையைக் கட்டும் முன் மூன்றைக் கையில் வாங்குங்கள்: மின்பணியாளரின் பெயரும் உரிம எண்ணும், விண்ணப்பக் குறிப்பு எண், பதிவு முடிந்ததற்கான கடிதம். இன்வெர்ட்டர் செயலியின் கணக்கும் உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். நிறுவனத்தின் மின்னஞ்சலில் திறந்துவிட்டுப் போனால், நாளை வழக்கென்று வரும்போது அளவு எல்லாம் அவர்கள் பக்கம்.

"முன்பணம் வேண்டாம்" என்ற ஒப்பந்தங்களில் ஒன்றை மட்டும் பாருங்கள்: மாதாமாதம் ஒரே தொகையா, உற்பத்தியான யூனிட்டுக்கு மட்டும் பணமா? ஒரே தொகை என்றால் மழையின் நட்டம் முழுக்க உங்கள் தலையில். 25 ஆண்டு உத்தரவாதம் என்பதும் பெரும்பாலும் தகட்டுக்குத்தான். ஆய்வுக்கூடத்தில் அளந்தால் இன்ன விழுக்காடு குறையாது என்கிறது, அவ்வளவே. உங்கள் ரசீதுக்கு அது எந்த உத்தரவாதமும் தரவில்லை.

அக்காவின் 220 வெள்ளித் தாளின் அடியில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்கும் அளவில், "மதிப்பீடு மட்டுமே" என்று இருந்தது. இப்படிப்பட்ட தாளை ஏற்காதீர்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாக, உற்பத்தி எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பிரித்து எழுதி, ஒப்பந்தத்தோடு இணைத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். டிசம்பர் வரியில் மார்ச் எண் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் அந்தத் தாளைத் தூக்கி எறிய வேண்டாம். சிறு உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் 20,000 வெள்ளிவரை வழக்குப் போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். செயலியில் ஒவ்வொரு மாத அளவையும் இன்றே அச்செடுத்து, மின்கட்டண ரசீதோடு தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். அக்கா அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறார். அக்டோபர்வரை வந்திருக்கிறார்.