தீர்வை: ‘இந்தியா மீது வரி’ என்பது ஏன் தவறு?

‘இந்தியா மீது 50 சதவீத வரி விதித்தார் டிரம்ப்.’ 2025 ஆகஸ்டிலிருந்து இந்தத் தலைப்பை எத்தனை விதமாகப் படித்துவிட்டோம்! முதலில் 25, அப்புறம் ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25. அன்றைய நிலவரப்படி எண்களில் பிழை இல்லை, பிழை ‘இந்தியா மீது’ என்பதில் இருக்கிறது. இதைப் படிப்பவர் இந்தியா ஏதோ கப்பம் கட்டப்போகிறது என்றுதான் நினைப்பார். ‘கட்ட முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதானே?’ என்று கேட்பவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் படித்த வாக்கியம் அப்படி.

வெளிநாட்டிலிருந்து வரும் பண்டங்களுக்குப் போடும் இந்த வரியை ஆங்கிலத்தில் டாரிஃப் என்கிறார்கள். ‘அறிவிப்பு’ என்று பொருள்படும் அரபுச் சொல் தஃரீஃப், இத்தாலிய வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு என்று சொல்லும் பட்டியலுக்குப் பெயரானது. பிறகு அந்தப் பட்டியல்படி வசூலிக்கும் தொகைக்கும் அதுவே பெயராயிற்று.

அந்தத் தொகையை யார் கட்டுகிறார்கள்? திருப்பூர் பனியன் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கினால், அதை வரவழைத்த அமெரிக்க நிறுவனம் தன் நாட்டுச் சுங்கத்துறைக்குக் கட்டுகிறது. 2018-ல் சீனப் பொருள்களுக்கான தீர்வையை, அதாவது இறக்குமதி வரியை, அமெரிக்கா கூட்டியபோது நடந்ததைக் கீதா கோபிநாத் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். துறைமுக அளவில் சுமை ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர் மீதே விழுந்திருந்தது. கடையில் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை, ஒரு பகுதியைக் கடைக்காரர்கள் தங்கள் லாபத்தைக் குறைத்துத் தாங்கிக்கொண்டார்கள். மேரி அமிட்டி, ரெட்டிங், வைன்ஸ்டைன் மூவரின் ஆய்வும் சுமை அமெரிக்கர்கள் மீதே விழுந்தது என்றுதான் சொன்னது.

‘அப்படியானால் திருப்பூர் ஏன் தவித்தது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்க வியாபாரி தள்ளுபடி கேட்கிறார், ஆர்டரைக் குறைக்கிறார், வேறு நாட்டுக்குப் போய்விடுகிறார். இதெல்லாம் உண்மையான இழப்பு. ஆனால் வரி கட்டுவது வேறு, வியாபாரம் போவது வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், எந்தக் கொள்கை யாரை எப்படித் தாக்குகிறது என்று பேசவே வழியில்லாமல் போகிறது.

இதைவிட மோசமானது ‘கட்டணம்’. ‘டிரம்பின் கட்டணங்கள்’, ‘கட்டணப் போர்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று ஒரு சேவைக்காகக் கொடுப்பதுதான் தமிழில் கட்டணம். ஆங்கிலத்தில் மின்சார விலைக்கும் டாரிஃப் என்று பெயர் உண்டு, அதனால் அகராதியில் கட்டணம் என்றும் இருக்கும். கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பாகாது. எந்திரம் செய்தால் புரிந்துகொள்ளலாம். அதைத் திருத்த வேண்டிய ஆசிரியரும் அப்படியே விடுவதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

நம்மிடம் சொல் இல்லையா? ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்கிறது குறள். அந்த உல்குக்குப் பரிமேலழகர் சுங்கம் என்று பொருள் சொல்லி, கலத்திலும் காலிலும் (கப்பலிலும் தரைவழியாகவும்) வரும் பண்டங்களுக்கு உரிய இறை, அதாவது வரி, என்று விளக்குகிறார். பண்டங்களுக்கு! நாட்டுக்கு அல்ல. இன்றைய செய்தியாளர் தவறவிடும் நுட்பம் அந்த உரையில் இருக்கிறது.

உல்கை மீட்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை, செய்தியில் அது யாருக்கும் விளங்காது. ‘சுங்க வரி’ சரியான சொல்தான். ஆனால் சுங்கம் என்றாலே இப்போது நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வருகிறது. என் தேர்வு ‘இறக்குமதித் தீர்வை’. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் இது வெகுகாலமாக வழங்குகிறது. இங்கேயும் ஒன்றும் புதிதில்லை. பட்டாவில் நிலத்தின் பரப்புக்குப் பக்கத்தில் பாருங்கள், தீர்வை என்று இருக்கும். அரசிடம் ஆயத்தீர்வைத் துறையே இருக்கிறது. ‘தீர்’ என்பதற்கு முடிவுசெய்வது என்ற பொருள் உண்டு. இன்ன பண்டத்துக்கு இவ்வளவு என்று தீர்மானித்து வைப்பது தீர்வை. டாரிஃப் என்பதன் பட்டியல் கருத்துக்கும் இது பக்கத்தில் நிற்கிறது. ‘இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத இறக்குமதித் தீர்வை’ என்று எழுதினால் தலைப்பு கொஞ்சம் நீளும். நீளட்டுமே.

‘பரஸ்பர வரி’ என்ற தொடரையும் சொல்லியாக வேண்டும். 2025 ஏப்ரல் 2-ல் டிரம்ப் அறிவித்த பட்டியலுக்கு வெள்ளை மாளிகை வைத்த பெயரை அப்படியே தமிழில் இறக்கிவிட்டார்கள். ‘பரஸ்பரம்’ பிடிக்காதவர்கள் ‘பதிலுக்குப் பதில் வரி’ என்றார்கள், அது இன்னும் தவறு. மற்ற நாடுகள் விதிக்கும் தீர்வையைப் பார்த்து அந்தப் பட்டியலைப் போடவில்லை. ஒரு நாட்டுடன் அமெரிக்காவுக்கு உள்ள வர்த்தகப் பற்றாக்குறையை அந்த நாட்டிலிருந்து வாங்கும் இறக்குமதியால் வகுத்து, வந்ததைப் பாதியாக்கினார்கள். இந்தியாவுக்கு 52 பாதியாகி 26, இலங்கைக்கு 88 பாதியாகி 44. பொருளியலாளர்கள் அறிவிப்பு வந்த உடனேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். அந்தக் கணக்குக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான பிரென்ட் நீமனே, தங்கள் முடிவைத் தவறாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்று எழுதினார். ‘டிரம்ப் பரஸ்பரம் என்று பெயரிட்ட தீர்வை’ என்று எழுதியிருந்தால், அது அவர் வைத்த பெயர் என்பதாவது படிப்பவருக்குத் தெரிந்திருக்கும்.