கிரியோல் என்றால் கலப்பினம் இல்லை

மொரீஷியஸ் பற்றித் தமிழில் எது வந்தாலும் அங்குள்ள கிரியோல் மக்களைக் "கலப்பினத்தவர்" என்று எழுதிவிடுகிறார்கள். கலப்பினம் என்பது கறவை மாட்டுக்கும் நெல் விதைக்கும் சொல்கிற சொல். அதை ஒரு மக்கள்கூட்டத்தின் மேல் ஒட்ட எப்படி மனம் வருகிறது?

போர்ச்சுகீசியத்தில் 'கிரியார்' என்றால் வளர்த்தல். அதன் வழியில் வந்த கிரியோல், காலனி நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவரைக் குறித்தது. அவ்வளவுதான், ரத்தம் கலந்ததா என்ற பேச்சே அதில் இல்லை. ஸ்பானிய அமெரிக்காவில் அங்கேயே பிறந்த ஸ்பானிய வம்சாவளி வெள்ளையருக்குத்தான் இந்தப் பெயர், தென் அமெரிக்க விடுதலைப் போரை நடத்திய சிமோன் பொலிவார் அந்த வகுப்பில் பிறந்தவர். கலந்து பிறந்தவர்களுக்கு 'மெஸ்திசோ' என்று தனிச்சொல்லே இருந்தது. பக்கத்துத் தீவான ரீயூனியனில் வெள்ளையரும் தங்களைக் கிரியோல் என்கிறார்கள், தமிழ் வம்சாவளி மலபார்களும் அப்படியே. கலப்பினம் என்று பெயர்த்தால் இவர்களை எங்கே வைப்பது?

இன்னும் சிலர் "பழங்குடியினர்" என்கிறார்கள். 1638-இல் டச்சுக்காரர்கள் குடியேறும்வரை மொரீஷியஸில் மனிதக் குடியிருப்பே இல்லை, அப்புறம் பழங்குடி எங்கிருந்து வரும்? இன்று அங்கே கிரியோல் எனப்படுபவர்களில் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 1835-இல் அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் நாட்டின் அரசியல் சட்டம் இந்து, முஸ்லிம், சீனர் என்று பெயர் சொல்லிவிட்டு, இவர்களை மற்றவர்களோடு சேர்த்துப் 'பொது மக்கள்' என்ற தலைப்பில் போட்டுவிட்டது. சட்டத்தில் இல்லாத பெயரை நாமும் மாற்றி எழுதினால் என்ன மிஞ்சும்?

என் கருத்து, மக்களுக்குக் கிரியோல் என்ற பெயரே இருக்கட்டும். பழைய பொருளை விளக்க வேண்டிய இடத்தில் "தீவில் பிறந்தவர்" என்றால் போதும். "மண்ணின் மைந்தர்" வேண்டாம், அது ஆதிகுடி என்ற பொருளைக் கொண்டுவந்துவிடும். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு, ஆனால் ஓர் இனத்தின் பெயரைத் தமிழாக்குவது தமிழ்த்தொண்டு ஆகாது.

இவர்கள் பேசும் கிரியோல் மொழிக்கும் இதே கதிதான், "கொச்சைப் பிரெஞ்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 'மோ பே மான்ஸே' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், 'மோ தி மான்ஸே' என்றால் சாப்பிட்டேன், 'மோ பு மான்ஸே' என்றால் சாப்பிடுவேன். வினை அப்படியே நிற்க, முன்னால் வரும் சின்னச் சொல் காலத்தைக் காட்டிவிடுகிறது. பிரெஞ்சு வினைத்திரிபோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த ஒழுங்கின் அருமை தெரியும். 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக இருக்கிற, மொரீஷியஸ் தமிழர் வீடுகளிலும் அன்றாடம் பேசுகிற மொழி இது. இதைக் கொச்சை என்று எழுதுகிறவர்கள் அதில் ஒரு வாக்கியமாவது கேட்டுவிட்டு எழுதட்டும்.