மாதந்தோறும் ஏன் கிரகணம் வருவதில்லை?

சூரியன், பூமி, நிலவு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது கிரகணம் ஏற்படுகிறது என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். அந்தப் பாடத்தோடு வரும் படத்தில் மூன்று வட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் வரையப்பட்டிருக்கும். அந்தப் படத்தை அப்படியே நம்பினால், ஒவ்வோர் அமாவாசையன்றும் சூரிய கிரகணமும் ஒவ்வொரு பௌர்ணமியன்றும் சந்திர கிரகணமும் வந்தாக வேண்டும். அப்படி வருவதில்லை. காரணம் புரிய, படத்தில் இடம் பற்றாமல் விட்டுப்போன உண்மையான அளவுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆயிரம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கிக்கொள்வோம். அப்போது பூமி ஏறத்தாழ 13 செ.மீ. விட்டமுள்ள ஒரு பந்து. நிலவு மூன்றரை செ.மீ. விட்டமுள்ள ஒரு பெரிய கோலிக்குண்டு. இரண்டுக்கும் இடைவெளி 3 மீட்டர் 84 செ.மீ., அதாவது ஓர் அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை. சூரியனோ 14 மீட்டர் விட்டமுள்ள கோளமாக ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும். பூமியின் கருநிழல் (சூரிய ஒளி முற்றிலும் மறைக்கப்படும் பகுதி) சூரியனுக்கு எதிர்ப்புறமாக ஏறக்குறைய 14 மீட்டர் நீளத்துக்குக் கூம்பாக நீண்டு, நிலவு இருக்கும் தொலைவில் 9 செ.மீ. அகலமாகக் குறுகியிருக்கும்.

பூமி சூரியனைச் சுற்றும் தளத்தை இந்த அறையின் நடுவே விரித்த ஒரு துணியாக எண்ணிக்கொள்ளுங்கள். நிலவின் பாதை அந்தத் துணியின் மேல் படிந்து கிடக்கவில்லை. சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. கேட்பதற்குச் சிறிய கோணம்தான், ஆனால் 3.84 மீட்டர் தொலைவில் அது 34 செ.மீ. ஏற்ற இறக்கமாக, ஒன்றரைச் சாணாக, ஆகிவிடுகிறது. நிழலின் அகலமோ 9 செ.மீ. மட்டுமே. ஆகவே பெரும்பாலான பௌர்ணமிகளில் கோலிக்குண்டு நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிப் போய்விடுகிறது. அதே காரணத்தால் பெரும்பாலான அமாவாசைகளில் நிலவின் நிழலும் பூமியைத் தொடாமல் விண்வெளியில் விழுகிறது.

சாய்ந்த பாதை அந்தத் தளத்தை இரண்டே இடங்களில் வெட்டும். அந்த வெட்டுப் புள்ளிகளுக்குத்தான் நம் பழைய வானியல் ராகு, கேது என்று பெயரிட்டது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு கணிதப் புள்ளிகளைக் கோள்களின் வரிசையில் சேர்த்து எண்ணியவர்கள் கிரகணத்தின் உட்பொருளை நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்பது என் எண்ணம். சூரியன் இந்தப் புள்ளிகளில் ஒன்றின் திசையில் தெரியும் நாட்களில் அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால்தான் கிரகணம். இந்தப் புள்ளிகளும் நிலையாக இருப்பதில்லை, 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை வானத்தைப் பின்னோக்கிச் சுற்றி வருகின்றன. அதனால் சூரியன் ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றை அடைய அரையாண்டுக்குச் சற்றுக் குறைவாக, 173 நாட்களே ஆகின்றன; கிரகணம் நிகழக்கூடிய அந்த நாட்கள், அதாவது கிரகணப் பருவமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 நாட்கள் முன்னதாக வந்துவிடுகிறது.

ஒவ்வொரு பருவத்திலும் சூரிய கிரகணத்துக்கு இடம்தரும் காலம் 31 முதல் 37 நாட்கள் வரை நீளும். ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே 29.5 நாட்களே என்பதால், ஒரு பருவம் சூரிய கிரகணம் இல்லாமல் கழிய வழியே இல்லை. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு உறுதி. நிலவு கருநிழலைத் தொடுவதற்கான காலம் இதைவிடக் குறுகியது, சுமார் மூன்று வாரம்தான். அதனால் சில ஆண்டுகளில் அது நடக்காமலே போகும். 2020இல் வந்த நான்கு சந்திர கிரகணங்களும், சூரிய ஒளி ஓரளவே மறைக்கப்படும் வெளிநிழலில் மட்டுமே கடந்து, நிலவின் ஒளியைச் சற்றே மங்கச் செய்ததோடு முடிந்தன. வெளிநிழல் கிரகணங்களையும் சேர்த்தால் சூரிய, சந்திர கிரகணங்கள் மொத்தமாக ஓராண்டில் குறைந்தது நான்கு, மிகுந்தால் ஏழு. 1935இல் சூரிய கிரகணம் மட்டுமே ஐந்து முறை வந்தது. அப்படி ஓர் ஆண்டு இனி 2206இல்தான்.

வெளிநிழல் கிரகணங்களை விட்டுவிட்டுப் பார்த்தால் சூரிய கிரகணமே அதிகம், சந்திர கிரகணம் குறைவு. நம் அனுபவம் நேர்மாறாக இருப்பதற்குக் காரணம் நிழலின் அளவு. சந்திர கிரகணத்தை, அந்நேரம் இரவாக இருக்கும் பாதி உலகமே காண முடியும். நிலவின் கருநிழலோ நம் அறைக் கணக்கில் சராசரியாக 3 மீட்டர் 74 செ.மீ. நீளமே, பூமிப் பந்தின் மையத்தை எட்ட இன்னும் 10 செ.மீ., மேற்பரப்பைத் தொடவே சுமார் 4 செ.மீ. தேவை. நிலவு அருகில் வரும் நாட்களில் நிழலின் நுனி பந்தைத் தொடும், அது முழு சூரிய கிரகணம். விலகியிருக்கும் நாட்களில் தொடாது, சூரியன் நெருப்பு வளையமாகத் தெரியும். தொடும்போதும் அந்தப் புள்ளியின் அகலம் பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு பென்சில் நுனி பந்தின் மேல் கோடு இழுத்துச் செல்வதைப் போன்றது அது. ஆகவேதான் பூமியில் ஒரே இடத்தில் முழு சூரிய கிரகணம் சராசரியாகச் சுமார் 375 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வாய்க்கிறது. கோட்டுக்கு வெளியே பகுதி கிரகணம் தெரியும் இடங்களில் மரத்தடியைப் பாருங்கள்: இலை இடுக்குகள் ஊசித்துளைகளாகச் செயல்பட்டு, தரையில் விழும் வட்ட ஒளித்திட்டுகள் எல்லாம் பிறைகளாக மாறியிருக்கும்.

இவ்வளவு நுணுக்கமான பொருத்தமும் திரும்ப வருகிறது என்பதே எனக்கு எல்லாவற்றிலும் வியப்பானது. 223 அமாவாசைகள் கடக்க ஆகும் காலமும், நிலவு அதே வெட்டுப் புள்ளிக்கு 242 முறை திரும்ப ஆகும் காலமும், பூமிக்கு மிக அருகில் 239 முறை வர ஆகும் காலமும் ஏறத்தாழ ஒன்றே: 18 ஆண்டு, 11 நாள், 8 மணி. சாரோஸ் என்பது இச்சுழற்சியின் பெயர். 1991 ஜூலை 11 அன்று மெக்சிகோவைக் கடந்த முழு கிரகணம் அதிகபட்சமாக 6 நிமிடம் 53 விநாடி நீடித்தது. அதன் அடுத்த வருகை 2009 ஜூலை 22 அன்று இந்தியாவிலும் சீனாவிலும், அதிகபட்சமாக (பசிபிக் பெருங்கடலில்) 6 நிமிடம் 39 விநாடி. அதற்கடுத்தது 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தில், 6 நிமிடம் 23 விநாடி. கூடுதலான அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், ஒவ்வொரு முறையும் நிழல் அதே அளவு மேற்கே தள்ளி விழுகிறது. மூன்று காலங்களும் மயிரிழை பிசகாமல் பொருந்துவதில்லை என்பதால் நிழல் வடக்காகவோ தெற்காகவோ சிறிது சிறிதாக நகர்ந்து, ஒரு துருவத்தருகே பகுதி கிரகணமாகத் தொடங்கிய தொடர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த பின் எதிர்த் துருவத்தருகே பூமியை விட்டு விலகிவிடுகிறது.